ரத்தச் சீட்டில் உள்ள சொற்கள்



கர்ப்பம் தரித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துச் சோதித்து, முடிவை எழுதித் தருகிறார்கள். எழுதியிருப்பது புரியாமல் சிலர் சீட்டை அப்படியே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சொற்களில் உங்கள் குழந்தையின் உயிரே இருக்கலாம். தெரிந்துகொள்ளுங்கள்.

கிருமி என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். பாலைத் தயிராக்குவதும் நுண்ணுயிர்தான், எல்லாமே கெட்டதல்ல. நோய் தருவதைத்தான் நோய்க்கிருமி என்கிறோம். பாக்டீரியா ஒரு வகை, வைரஸ் இன்னொரு வகை. பென்சிலின் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது.

வி.டி.ஆர்.எல். என்பது என்ன?

சிபிலிஸ் என்னும் மேகப்புண் நோய்க்கான சோதனை. இதன் கிருமி திருகாணி போல் சுருண்ட ஒரு பாக்டீரியா. 1905-ல் ஜெர்மனியில் கண்டுபிடித்தார்கள். உடலுறவால் பரவும்; ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. முதலில் பிறப்புறுப்பில் வலியில்லாத புண் வரும். சில வாரத்தில் தானே ஆறிவிடும். "சரியாப் போச்சு" என்று இருந்துவிடுவோம். போனது புண்தான், கிருமி உடம்பிலேயே தங்கிவிடும். தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கரு கலையலாம். குழந்தை இறந்தே பிறக்கலாம். பிழைத்தாலும் எலும்பு, கண், காது பாதிக்கலாம்.

"பாசிடிவ்" என்றால் நல்லதா?

இல்லை. நோயின் அடையாளம் ரத்தத்தில் தெரிகிறது என்று அர்த்தம். "ரியாக்டிவ்" என்றாலும் அதேதான். "நெகடிவ்" என்றால் அடையாளம் தென்படவில்லை. மலேரியா போன்ற வேறு நோயாலும் சில சமயம் வி.டி.ஆர்.எல். பாசிடிவ் ஆகும். அதனால் இன்னொரு சோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள். அதற்குள் வீட்டில் சண்டை வேண்டாம். இந்த நோய் பல வருஷம் வெளியே தெரியாமல் இருக்கும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தச் சீட்டும் சொல்லாது.

குணமாகுமா?

நிச்சயம் குணமாகும். பென்சாதின் பென்சிலின் ஊசி போடுவார்கள். முன்பு எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே ஊசி போட்டால்தான் குழந்தைக்கு முழுப் பாதுகாப்பு. ஆகவே 3 மாதத்துக்குள் பெயரைப் பதிந்து ரத்தம் கொடுங்கள்.

கணவரும் வர வேண்டுமா?

"எனக்கு ஒண்ணுமில்லையே, நான் எதுக்கு வரணும்?" என்று கேட்காதீர்கள். மனைவிக்கு மட்டும் ஊசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. கிருமி உங்களிடம் இருந்தால் அவருக்கு மறுபடியும் தொற்றிவிடும். இருவரும் சோதனை செய்து, இருவரும் சிகிச்சையை முடியுங்கள். டாக்டர் சொல்லும் வரை உடலுறவைத் தவிருங்கள். குழந்தை பிறந்ததும் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

சீட்டைப் பத்திரமாக வையுங்கள். புரியாத சொல்லைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்காமல் விட்டால் நஷ்டம் குழந்தைக்கு!