பெயர் தந்தவரை மறக்காத ரசிகர்கள்

கன்று நட்டவர் ஒருவர், பால் எடுப்பவர் வேறொருவர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களுக்கு இது புதிய சேதி அல்ல. ரப்பர் கன்றை நட்டு, களை பிடுங்கி, உரம் போட்டு, ஆறேழு வருடம் காத்திருந்த பிறகுதான் மரத்தில் முதல் வெட்டு விழும். அதற்குள் நட்டவர் வேறு தோட்டம் போயிருப்பார். சிலர் உலகத்தை விட்டே போயிருப்பார்கள். வாளியில் பால் நிறையும்போது அவர்களை யார் நினைக்கிறார்கள்?

இசை உலகிலும் இப்படி ஒரு கதை உண்டு. உலகம் முழுவதும் புகழ் பெற்ற ஒரு ராக் இசைக்குழுவின் கதை அது. நட்டவர்களை மறக்க மாட்டோம் என்று ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிடிவாதமாக நிற்கும் அதன் ரசிகர்களின் கதையும் கூட. ஆங்கிலப் பாட்டு நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்த இசையின் ஆணிவேர் தோட்டத் தொழிலாளர்களிடம்தான் இருக்கிறது!

எல்லோருக்கும் தெரிந்த ஐந்து பேர்

உங்கள் வீட்டில் ஆங்கிலப் பாட்டு கேட்கும் பிள்ளைகள் இருந்தால், 'பிளீட்வுட் மேக்' என்ற பெயரைச் சொல்லிப் பாருங்கள். உடனே 'டிரீம்ஸ்' என்ற பாட்டைச் சொல்வார்கள். அது 1977-ல் வந்த 'ரூமர்ஸ்' என்ற இசைத்தட்டில் உள்ள பாட்டு. அந்த இசைத்தட்டு அமெரிக்காவில் 31 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. உலகெங்கும் 4 கோடிக்கு மேல் விற்றது. 2020-ல், சறுக்குப் பலகையில் போய்க்கொண்டே ஒருவர் அந்தப் பாட்டுக்கு வாயசைத்த காட்சி கைப்பேசிகளில் பரவியது. 43 வயதான அந்தப் பாட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறிவிட்டது.

அந்த இசைத்தட்டில் ஐந்து பேர். மிக் பிளீட்வுட், ஜான் மெக்வீ, கிறிஸ்டின் மெக்வீ, லிண்ட்ஸி பக்கிங்ஹாம், ஸ்டீவி நிக்ஸ். குழு என்றால் இவர்கள்தான் என்று பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால் 'ரூமர்ஸ்' அந்தக் குழுவின் பதினோராவது இசைத்தட்டு! பக்கிங்ஹாமும் நிக்ஸும் வந்து சேருவதற்கு முன்பே ஒன்பது இசைத்தட்டுகள் வெளிவந்துவிட்டன. அவற்றில் பாடியவர்கள், கித்தார் வாசித்தவர்கள் எங்கே? ரசிகர்கள் கேட்கும் கேள்வி இதுதான்.

பருத்திக் காட்டில் பிறந்த பாட்டு

முதல் கதைக்குப் போவதற்கு முன்னால் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். அங்கே பருத்தித் தோட்டங்கள் ஏராளம். 1865-ல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் கறுப்பின மக்கள் அதே தோட்டங்களில் வாரத்துக்குப் பயிரிட்டும் கூலிக்கு உழைத்தும், கடனில் மூழ்கித்தான் காலம் தள்ளினார்கள். பட்ட பாட்டையெல்லாம் பாட்டாக்கினார்கள். அந்தப் பாட்டுக்கு 'புளூஸ்' என்று பெயர்.

மடி வாட்டர்ஸ் என்ற பெரும் பாடகர் அத்தகைய தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர். 1943-ல் பிழைப்பு தேடிச் சிகாகோ நகருக்குப் போனார். பி.பி. கிங் பருத்தி பறித்தவர், தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். இவர்களுடைய இசைத்தட்டுகள் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தன. அவற்றைத் தேய்ந்துபோகும் வரை கேட்டு வளர்ந்த இளைஞர்களில் ஒருவர்தான் பீட்டர் கிரீன். 1946-ல் லண்டனின் கிழக்குப் பகுதியில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர்.

தன் பெயரை வைக்காதவர்

1966-ல் ஜான் மேயால் என்பவரின் குழுவில் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்துக்குப் பீட்டர் கிரீன் வந்தார். அடுத்த வருடமே தனிக்குழு தொடங்கினார். மேளம் வாசித்த மிக் பிளீட்வுட்டும், கித்தாரில் ஜெரமி ஸ்பென்சரும் உடன் வந்தார்கள். அடித்தளக் கித்தார் வாசிக்க ஜான் மெக்வீ வர வேண்டும் என்பது கிரீனின் ஆசை. மெக்வீயோ மேயாலிடம் கிடைத்துவந்த நிலையான சம்பளத்தை விடத் தயங்கினார்.

குழுவுக்கு என்ன பெயர் வைப்பது? பாட்டு எழுதுபவர், பாடுபவர், முன்னால் நின்று கித்தார் வாசிப்பவர் எல்லாம் கிரீன்தான். வேறு யாராக இருந்தாலும் தம் பெயரைத்தான் வைத்திருப்பார். கிரீன் என்ன செய்தார் தெரியுமா? மேளக்காரரின் பெயரில் 'பிளீட்வுட்' என்பதை எடுத்தார். இன்னும் வந்து சேராத மெக்வீயின் பெயரிலிருந்து 'மேக்' என்பதை எடுத்தார். இரண்டையும் சேர்த்துக் குழுவுக்குச் சூட்டினார். தாம் ஒருநாள் போய்விட்டாலும் அந்த இருவருக்கும் ஒரு குழு இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். 1967 ஆகஸ்டில் முதன்முறையாக மேடை ஏறினார்கள். சில வாரங்களில் மெக்வீயும் வந்து சேர்ந்தார்.

1968-ல் வந்த முதல் இசைத்தட்டு இங்கிலாந்தில் நான்காம் இடத்தைப் பிடித்தது. அதே ஆண்டு 18 வயதுப் பையன் ஒருவர், டேனி கிர்வான், மூன்றாவது கித்தார்க்காரராகச் சேர்ந்தார். 'பிளேக் மேஜிக் வுமன்' என்ற பாட்டும் அந்த வருடம் வந்ததுதான். அதை இயற்றியவர் பீட்டர் கிரீன். ஆனால் 1970-ல் சன்டானா குழு அதை மறுபடி பதிவு செய்து அமெரிக்காவில் நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனதால், இன்றும் அது சன்டானாவின் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள்.

1969 ஜனவரியில் 'அல்பட்ராஸ்' என்ற அவர்களின் இசை இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. அதில் ஒரு வரி கூடப் பாட்டு இல்லை. பெரிய கடற்பறவை ஒன்று சிறகை அசைக்காமல் அலைமேல் மிதப்பது போல, கித்தார் மட்டும் மெல்ல நகரும். பீட்டில்ஸ் குழுவினர் தங்கள் 'சன் கிங்' பாட்டுக்கு இதிலிருந்துதான் தூண்டுதல் பெற்றார்கள். அதே ஜனவரியில் கிரீனும் நண்பர்களும் சிகாகோவுக்குப் போய், வில்லி டிக்சன், ஓடிஸ் ஸ்பான் போன்ற கறுப்பினக் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். கற்றுக்கொண்ட இடத்துக்கே போய்க் கைகட்டி நின்றது போன்ற செயல் அது.

புகழும் பணமும் வந்தன. கிரீனின் மனமோ அவற்றில் ஒட்டவில்லை. ஆப்பிரிக்காவில் பசியால் வாடும் குழந்தைகளின் படங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கலங்கினார். தேவைக்கு மேல் வரும் பணத்தைத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்றார். மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. இதற்கிடையில் போதை மருந்துப் பழக்கமும் சேர்ந்து அவர் மனநிலை தடுமாறியது. 1970 மே மாதம் குழுவை விட்டு விலகினார். பிறகு மனச்சிதைவு நோய்க்கு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். பல ஆண்டுகள் கித்தாரைத் தொடவே இல்லை.

நடுவில் சுமந்தவர்கள்

தலைவர் போனதும் குழு கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை. ஜான் மெக்வீயின் மனைவி கிறிஸ்டின் 1970-ல் சேர்ந்தார். அந்த வருட இசைத்தட்டின் அட்டைப்படத்தை வரைந்தவரும் அவரே. 1971 பிப்ரவரியில் இன்னோர் இடி விழுந்தது. அமெரிக்கப் பயணத்தின்போது, லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சற்று வெளியே போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிய ஜெரமி ஸ்பென்சர் திரும்பவே இல்லை. ஒரு மதக்குழுவில் சேர்ந்துவிட்டார்! விலகிப் போயிருந்த பீட்டர் கிரீனே ஓடிவந்து மீதிப் பயணத்தை முடித்துக் கொடுத்தார்.

அந்த இடத்துக்குப் பாப் வெல்ச் என்ற அமெரிக்கர் வந்தார். 1971 முதல் 1974 வரை ஐந்து இசைத்தட்டுகளில் அவர் குரலும் கித்தாரும் உண்டு. டேனி கிர்வானோ குடிப்பழக்கத்தில் விழுந்து, 1972-ல் ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் தம் கித்தாரை அடித்து நொறுக்கி, மேடை ஏற மறுத்தார். அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள்.

1974-ல் நடந்ததோ விநோதம். குழுவின் பெயர் தனக்கே சொந்தம் என்று அவர்களுடைய மேனேஜரே வாதாடினார். வேறு ஆட்களைச் சேர்த்து, அதே பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். வழக்கு நடந்தது. பெயரைக் காப்பாற்ற முன்னின்றவர் பாப் வெல்ச். வழக்கைப் பார்த்துக்கொள்ளவும் தொழிலை நடத்தவும் அமெரிக்காவிலேயே தங்கிவிடலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். எல்லோரும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே போனதால்தான் பக்கிங்ஹாமும் நிக்ஸும் கண்ணில் பட்டார்கள். அவர்கள் சேருவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1974 டிசம்பரில், களைத்துப்போன வெல்ச் விலகிவிட்டார். அடுத்த இசைத்தட்டே அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று!

யோசித்துப் பாருங்கள். பெயர் கிரீன் கொடுத்தது. அந்தப் பெயரைக் காத்ததில் வெல்ச்சுக்குப் பெரும் பங்கு. பால் பொங்கிய நாளில் இருவருமே அடுப்படியில் இல்லை.

ரசிகர்கள் வைத்திருக்கும் கணக்கு

உலகம் மறந்தாலும் ரசிகர்கள் மறக்கவில்லை. 1973-ல் 'அல்பட்ராஸ்' மறுபடி வெளியானபோது இங்கிலாந்து மக்கள் அதை இரண்டாம் இடம் வரை வாங்கித் தீர்த்தார்கள். வெல்ச் 1972-ல் குழுவோடு பாடி, கவனிப்பாரற்றுக் கிடந்த 'சென்டிமென்டல் லேடி' என்ற பாட்டை 1977-ல் தனியாகப் பாடினார். அது அமெரிக்காவில் எட்டாம் இடம் பெற்றது. பாட்டில் குறை இல்லை, வேளைதான் வரவில்லை என்பது அன்று விளங்கியது.

1998-ல் அமெரிக்காவில் ராக் இசைப் புகழ் மண்டபத்தில் இந்தக் குழுவைச் சேர்த்தார்கள். 'ரூமர்ஸ்' ஐவரோடு கிரீன், ஸ்பென்சர், கிர்வான் ஆகியோர் பெயர்களும் இடம்பெற்றன. அந்த விழாவில் கிரீன் சன்டானாவோடு சேர்ந்து, தாம் இயற்றிய பாட்டைத் தாமே வாசித்தார். ஆனால் வெல்ச்சின் பெயர் விடப்பட்டது. ஐந்து இசைத்தட்டுகளில் உழைத்தவரை எப்படி விடலாம் என்று ரசிகர்கள் இன்றும் கேட்கிறார்கள். 2012-ல் அவர் காலமானார். அந்த மனக்குறை தீரவே இல்லை. ஒரு காலத்தில் தங்க இடமின்றி லண்டனில் அலைந்த டேனி கிர்வானும் 2018-ல், 68 வயதில் மறைந்தார்.

2020 பிப்ரவரி 25-ஆம் தேதி லண்டனில் மிக் பிளீட்வுட் பெரும் கலைஞர்களைக் கூட்டி, பீட்டர் கிரீனுக்கு மரியாதை செய்யும் இசை விழா நடத்தினார். கிரீன் வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, ஜூலை 25-ஆம் தேதி, 73 வயதில் காலமானார். கைப்பேசிகளில் 'டிரீம்ஸ்' பரவியதும் அதே வருடம்தான் என்பதைக் கவனியுங்கள். 1969 முதல் 1974 வரை வந்த இசைத்தட்டுகளை ஒரே பெட்டியாக வெளியிட்டதும் அதே 2020-ல்தான். கேட்பதற்கு ஆள் இல்லாமலா பெட்டி போடுவார்கள்?

ரசிகர்களுக்குள் சண்டையும் உண்டு. கிரீன் காலம் மட்டுமே அசல், மற்றதெல்லாம் வியாபாரம் என்பார்கள் சிலர். அது நியாயம் அல்ல. பின்னால் வந்தவர்களும் உழைத்துத்தான் உயர்ந்தார்கள். அதிலும் 2022-ல் மறைந்த கிறிஸ்டின், கஷ்ட காலம் முழுவதும் உடனிருந்தவர். காய்க்கிற கிளையைப் புகழ வேரைத் தூற்ற வேண்டாம். வேரைப் புகழக் கிளையை வெட்டவும் வேண்டாம்.

நீங்கள் செய்யக் கூடியது

பிள்ளைகள் அடுத்த முறை 'டிரீம்ஸ்' கேட்கும்போது அதட்டி நிறுத்தச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து 'அல்பட்ராஸ்' போடச் சொல்லுங்கள். சொற்கள் இல்லாததால் ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மாலையில் வேலை முடிந்து, தேநீரோடு வாசலில் உட்காரும் நேரத்துக்கு ஏற்றது. அடுத்து கிரீன் தம் மனவேதனையைக் கொட்டிய 'மேன் ஆஃப் தி வேர்ல்டு', பிறகு வெல்ச்சின் 'ஹிப்னடைஸ்டு'. கடைசியாக மடி வாட்டர்ஸின் பழைய பாட்டு ஏதாவது ஒன்று.

அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்கும்போது பிள்ளைகளிடம் ஒன்று சொல்லுங்கள். லண்டன், லாஸ் ஏஞ்சலஸ் என்று போய்ப் பல கோடிப் பேர் கேட்ட இந்தக் குழு, தொடங்கும்போது பாடம் கற்றது ஒரு தோட்டத் தொழிலாளியின் பாட்டிலிருந்து என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய சேதி அது.