சார்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

மும்பையில் தாராவிக்கும் தேசியப் பங்குச் சந்தைக்கும் நடுவே ஓடுவது மித்தி ஆறுதான். இந்தக் கரையில் தோல் பட்டறைகள், தையல் கூடங்கள். அந்தக் கரையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள். பங்குச் சந்தையின் எக்ஸ்சேஞ்ச் பிளாசாவும் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் தலைமையகமும் அங்கேதான் இருக்கின்றன. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ரயிலேறி ஃபோர்ட் அலுவலகங்களுக்குப் போய்வந்த பழைய தலைமுறைத் தமிழர்களுக்குப் பங்கு என்றால் பீரோவில் பூட்டி வைத்த காகிதப் பத்திரம். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் என்எஸ்டிஎல் 1996-இல் தொடங்கிய பிறகு காகிதம் போய் டிமேட் கணக்கு வந்தது. இன்று கைப்பேசியைத் திறந்தால் போதும். விலையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் பச்சை, சிவப்புக் கேண்டில்கள், அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கீழே ‘வாங்கு’, ‘விற்பனை செய்’ பொத்தான்கள்.

அந்தக் கோடுகளுக்குத்தான் டெக்னிக்கல் இண்டிகேட்டர் என்று பெயர். சந்தை போகும் திசையை, அதாவது ட்ரெண்டை, அடையாளம் காண அவை உதவும். எந்த அளவுக்கு உதவும் என்பது தெரியாமல் அவற்றை நம்பிப் பணம் போடுகிறவர்கள் பெருகிவிட்டதால், இதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கருவிகள் எதுவும் நேற்று முளைத்தவை அல்ல. கேண்டில் வரைபடத்தின் வேர் ஜப்பானின் அரிசி வணிகத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹொம்மா முனெஹிசா என்ற அரிசி வியாபாரியின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆர்எஸ்ஐ, ஏடிஎக்ஸ் என்ற இரண்டு இண்டிகேட்டர்களையும் கொடுத்தவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினீயர். 1978-இல் வந்த அவருடைய ஒரு புத்தகத்திலேயே இரண்டும் இருந்தன. கம்ப்யூட்டர் வீட்டுக்கு வராத காலம் அது. பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கும்படிதான் அவர் அவற்றை அமைத்தார்.

எல்லாவற்றிலும் எளியது மூவிங் ஆவரேஜ். ஒரு பங்கின் விலை ஐந்து நாளாக 100, 102, 101, 105, 107 என்று முடிகிறது. கூட்டினால் 515, ஐந்தால் வகுத்தால் 103. ஆறாம் நாள் விலை 110. இப்போது பழைய 100-ஐ எடுத்துவிட்டு 110-ஐச் சேர்த்தால் சராசரி 105. நாள்தோறும் இப்படி நகர்ந்துகொண்டே வரும் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு கிடைக்கும். மே கடைசியில் ஒரு நாள் கொட்டித் தீர்த்ததை வைத்து மும்பையில் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலை மையம் அறிவிப்பதில்லை; மழை நிலைத்துப் பெய்கிறதா என்று பார்த்துத்தான் சொல்லும். சராசரிக் கோடும் அப்படித்தான், ஒரு நாள் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பெரிதாக அசையாது. நீண்ட காலத் திசைக்கு 200 நாள் கோட்டைப் பார்ப்பது வழக்கம். விலை அதற்கு மேலே இருந்தால் ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம் என்று கொள்வார்கள்.

2020-இல் இது எப்படி வேலை செய்தது? ஜனவரியில் தேசியப் பங்குச் சந்தையின் குறியீடான நிஃப்டி 12,430-ஐத் தொட்டது. கொரோனா செய்திகள் வர வர இறங்கி, பிப்ரவரி 28 அன்று 11,201-இல் முடிந்தபோது 200 நாள் கோட்டுக்குக் கீழே போய்விட்டிருந்தது. அப்போது விலகியவர்கள், மார்ச் 24 அன்று 7,511 வரை போன சரிவிலிருந்து தப்பினார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பணத்தை இழக்காமல் காத்துக்கொண்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த அடிமட்டத்திலிருந்து சந்தை எழும்பியபோது கோடு உடனே பச்சைக்கொடி காட்டவில்லை. ஜூலை நடுவில், நிஃப்டி 10,900-ஐ ஒட்டி வந்த பிறகுதான் விலை கோட்டைத் தாண்டியது. அதற்குள் சந்தை 45 சதவீதம் ஏறிவிட்டிருந்தது. விற்ற விலைக்கும் திரும்ப வாங்கிய விலைக்கும் வித்தியாசம் சுமார் 300 புள்ளிகள்தான். கோட்டை நம்பியவருக்குக் கிடைத்தது பெரிய லாபமல்ல. உச்சக்கட்ட பீதியில் கையைப் பிசைந்துகொண்டு அடிமாட்டு விலைக்கு விற்கும் நிலை அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். மூவிங் ஆவரேஜ் நடந்து முடிந்ததைத் தாமதமாகச் சொல்லும் கருவி. அந்தத் தாமதம் அதன் கணக்கிலேயே இருக்கிறது.

அடுத்தது ஆர்எஸ்ஐ. கடந்த 14 நாளில் ஏறிய நாள்களின் பலத்தையும் இறங்கிய நாள்களின் பலத்தையும் இது ஒப்பிடுகிறது. சராசரி ஏற்றம் 2 ரூபாய், சராசரி இறக்கம் 1 ரூபாய் என்றால் ஆர்எஸ்ஐ சுமார் 67. எண் 70-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள் என்றும், 30-க்குக் கீழே போனால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். ‘ஓவர்சோல்ட் ஆகிவிட்டது, வாங்கு’ என்ற அறிவுரையைக் கேட்காத சிறு முதலீட்டாளரே இருக்க மாட்டார்.

அந்த அறிவுரைக்கு மும்பையிலேயே கசப்பான பாடம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் யெஸ் பேங்க் பங்கு 400 ரூபாய்க்கு மேல் விற்றது. செப்டம்பரில் அதன் தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியது. செப்டம்பர் 21 அன்று ஒரே நாளில் சுமார் 29 சதவீதம் சரிவு. ஆர்எஸ்ஐ 30-க்குக் கீழே போனது. மலிவு என்று பலர் வாங்கினார்கள். 2019 மார்ச் இறுதியில் விலை 275 ரூபாய் வரை ஏறவும் செய்தது. ஏப்ரல் 30 அன்று மறுபடியும் ஒரே நாளில் அதே அளவு அடி. 2020 மார்ச் 5-ஆம் தேதி வங்கிக்குத் தடைக்காலம் அறிவிக்கப்பட்டது. மறுநாள் வர்த்தகத்தின் நடுவே பங்கு 5 ரூபாய் 55 காசு வரை இறங்கியது. வங்கியை வீழ்த்திய வாராக் கடனின் அளவை ஆர்எஸ்ஐ அறியாது. விலை வேகமாக விழுந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். இறங்குமுகம் பலமாக இருக்கும்போது ‘ஓவர்சோல்ட்’ நிலை வாரக்கணக்கில் நீடிக்கலாம்.

அதனால்தான் அனுபவசாலிகள் வரிசை மாற்றாமல் பார்க்கிறார்கள். ட்ரெண்ட் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. வைல்டரின் ஏடிஎக்ஸ் 25-க்கு மேல் இருந்தால் திசை பலமானது. 20-க்குக் கீழே என்றால் சந்தை பக்கவாட்டில் நகர்கிறது, ‘சைடுவேஸ்’. அப்படிப்பட்ட நேரத்தில் மூவிங் ஆவரேஜை நம்பினால் இன்று வாங்கி நாளை விற்று, இரு பக்கமும் அடி வாங்க நேரும். திசை உறுதியான பிறகே எப்போது நுழைவது என்ற கேள்வி வரும். ஆர்எஸ்ஐ அதற்குத்தான் உதவும். ஒரே மாதிரி கணக்குள்ள ஐந்து இண்டிகேட்டர்களைத் திரையில் அடுக்குவதால் பயனில்லை. எல்லாமே அதே பழைய விலையிலிருந்து பிறந்தவை என்பதால் ஒன்றுக்கொன்று ஆமாம் போடும்.

எந்தக் கோட்டுக்கும் எட்டாத நாள்களும் உண்டு. 2024 ஜூன் 3 அன்று, தேர்தலுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகளை நம்பி நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. சார்ட்டைப் பார்த்தவர்களுக்கு அருமையான பிரேக் அவுட், அதாவது பழைய உச்சத்தை உடைத்த ஏற்றம். மறுநாள் மக்களவைத் தேர்தல் முடிவுகள் வந்தன. நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது.

இவ்வளவும் தெரிந்தால் ஜெயித்துவிடலாமா? செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எஃப் அண்ட் ஓ வர்த்தகர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்பதுதான் நெஞ்சை அறுக்கும் செய்தி. பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பவர்கள் பற்றிய இன்னொரு ஆய்வில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் அது 80 சதவீதம். புரோக்கரேஜும் வரியும் ஒவ்வொரு பொத்தானுக்கும் கூடிக்கொண்டே போகின்றன.

இந்தச் சூழலில்தான் சார்ட் வகுப்பு வியாபாரம் நடக்கிறது. ‘பாப் ஆஃப் சார்ட்’ என்ற பெயரில் வகுப்பு நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. பதிவு பெறாமல் ஆலோசனை விற்றதாகச் சொல்லி 17.2 கோடி ரூபாயை முடக்கியது. லாபம் சம்பாதிக்கக் கற்றுத்தருவதாகச் சொன்னவரே 2021 ஜனவரி முதல் 2023 ஜூலை வரை சொந்த வர்த்தகத்தில் 2.89 கோடி நஷ்டப்பட்டிருந்தார் என்பதும் அந்த உத்தரவில் இருக்கிறது. ஆலோசகர் பதிவு பெற்றவரா என்பதை செபி இணையதளத்தில் யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். காசு கட்டுவதற்கு முன் அதைச் செய்தே ஆகவேண்டும்.

கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர் எங்கே தொடங்கலாம்? கடன் வாங்கி அல்ல. எஃப் அண்ட் ஓ பக்கம் போயும் அல்ல. முதலில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பழகலாம்: எந்த விலையில் வாங்குவோம், ஏன், எங்கே வெளியேறுவோம். நிஜப் பணம் போடும்போது அளவைக் கணக்கிட்டே போட வேண்டும். கையில் ஒரு லட்சம் இருக்கிறது. ஒரு முறைக்கு ஒரு சதவீதம், அதாவது 1,000 ரூபாய்க்கு மேல் இழப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்ப் பங்கை வாங்கி விலை 480-க்கு இறங்கினால் விற்றுவிடும்படி ஸ்டாப் லாஸ் போட்டால், ஒரு பங்குக்கு இழப்பு 20 ரூபாய். 1,000-ஐ 20-ஆல் வகுத்தால் 50 பங்குகள், அதற்கு மேல் ஒன்றுகூட வேண்டாம். விலை ஒரேயடியாகச் சரிந்து திறந்தால் ஸ்டாப் லாஸும் அந்த விலையில் நிற்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சாதாரண நாள்களில் இந்தக் கணக்கைக் கடைப்பிடிப்பவர், தொடர்ந்து பத்து முறை தவறினாலும் செலவுகள் நீங்கலாகச் சுமார் 90,000 ரூபாயோடு பதினோராவது முயற்சிக்கு வர முடியும். மொத்தத்தையும் ஒரே கேண்டிலில் வைத்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.