மூளையின் வாசலை அடைக்கும் மருந்து

வீட்டைக் காப்பதற்கென்று நாம் அமர்த்திய காவலாளியே, ஒருநாள் வீட்டாரைக் கள்வரென எண்ணித் தாக்கத் தொடங்கினால் என்ன செய்வது? இத்தகைய விபரீதம் மனித உடலுக்குள்ளும் நிகழ்வதுண்டு. 'மல்டிபிள் ஸ்கிலரோசிஸ்' என்னும் நரம்பு நோய் அத்தகையதே.

மின்கம்பியின் மேல் உறை இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளுக்கும் 'மயலின்' என்னும் கொழுப்பு உறை உண்டு. கிருமிகளை அழிக்க வேண்டிய வெள்ளையணுக்கள் இந்நோயில் அவ்வுறையையே அரித்துவிடுகின்றன. அதனால் பார்வை மங்கும், கைகால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சில வாரங்களில் குறைந்து, பின்னர் மீண்டும் தாக்கும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே தொடங்கும் இந்நோய், ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியாகப் பீடிக்கிறது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகெங்கும் சுமார் 28 லட்சம் பேர் இதற்கு ஆளாகியுள்ளனர்.

பற்றும் கையை மறித்தல்

இரத்தத்தில் ஓடும் அனைத்தும் மூளைக்குள் நுழைந்துவிட இயலாது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் ஓர் அரணாக நிற்கிறது. அதைக் கடக்க விரும்பும் வெள்ளையணு, முதலில் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் கையாக உதவுவது, அணுவின் மேற்பரப்பிலுள்ள 'ஆல்ஃபா 4 இன்டெக்ரின்' என்னும் புரதம்.

அந்தக் கையை மறித்தால் என்ன? கலிஃபோர்னியாவில் டெட் யெட்நாக், லாரன்ஸ் ஸ்டெய்ன்மன் முதலிய ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைச் சோதித்து, இந்நோயை ஒத்த மூளை அழற்சியைத் தடுக்க இயலும் என 1992இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். அவ்வழியில் பிறந்ததே 'நடாலிசுமாப்' என்னும் மருந்து. நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் அளவில் நரம்பு வழியே ஏற்றப்படுவது. 942 நோயாளிகள் பங்கேற்ற ஆய்வில், ஓராண்டில் நோய் மீண்டும் தாக்குவது 68 விழுக்காடு குறைந்தது. அமெரிக்க அரசு 2004 நவம்பரில் இதற்கு அனுமதி வழங்கியது.

மகிழ்ச்சியும் அதிர்ச்சியும்

ஆனால் மூன்றே மாதங்களில், 2005 பிப்ரவரியில், விற்பனை நிறுத்தப்பட்டது. காரணம் என்ன? நம்மில் பலரது உடலில் 'ஜே.சி. வைரஸ்' என்னும் கிருமி தீங்கின்றி உறங்கிக் கிடக்கிறது. அது மூளைக்குள் தலைதூக்காமல் காப்பதும் அதே வெள்ளையணுக்களே. வாசல் அடைபட்டதும் காவல் தளர்ந்தது. ஆய்வுகளில் மருந்து பெற்றவர்களுள் மூவருக்கு மூளையைச் சிதைக்கும் கொடிய தொற்று ஏற்பட்டு, இருவர் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவர் குடல் நோய்க்காக மருந்து பெற்றவர்.

அத்துடன் மருத்துவ உலகம் இம்மருந்தைக் கைவிட்டுவிடவில்லை. நோயாளிகள் பலரும் இது வேண்டும் என்றே மன்றாடினர். கடும் கண்காணிப்பு விதிகளுடன் 2006இல் மருந்து திரும்பி வந்தது. இரத்தத்தில் ஜே.சி. வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று அறியும் சோதனைக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. அது இருப்பவர்கள், ஈராண்டுகளுக்கு மேல் இம்மருந்தைப் பெறுபவர்கள், முன்னரே எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். எனவே அவ்வப்போது இரத்தச் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துப் பார்க்கின்றனர்.

வாசகர்களே! இம்மருந்து நோயை அடியோடு நீக்குவதன்று. இழந்ததை மீட்டுத் தருவதுமன்று. இனி வரும் தாக்குதலைத் தடுப்பதே இதன் பணி. நலமாகத்தானே இருக்கிறோம் என்று தாமாக நிறுத்துவதும் தவறு. அடைபட்ட அணுக்கள் மீண்டும் பாய்ந்து நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும்.

வீட்டில் இளவயதினர் எவருக்கேனும் ஒரு கண்ணில் பார்வை திடீரென மங்கினாலோ, கைகால் பல நாட்கள் மரத்திருந்தாலோ, அசதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். எல்லாம் இந்நோயாகிவிடாது, எனினும் நரம்பியல் மருத்துவரைக் காணுங்கள். உறை அரிக்கப்படுமுன் வாசலை அடைப்பதே பயன் தரும்.