கவச எஃகின் வெல்டிங் ஆய்வு ஏன் சிதம்பரத்துக்கு வருகிறது?

டாங்கியின் கவசத் தகடு உறுதியானது. தகடுகளை இணைக்கும் வெல்டிங் மூட்டுதான் அதன் பலவீனம். வெல்டிங்கின்போது புகும் ஹைட்ரஜன், பதப்படுத்திய அந்த எஃகில் விரிசலை உண்டாக்கக்கூடும். அதைத் தடுக்க, ஹைட்ரஜனை அதிகம் கரைத்துக்கொள்ளும் ஆஸ்டெனைட் வகை வெல்டிங் ராடைப் பயன்படுத்துவது வழக்கம். விரிசல் அடங்கும், ஆனால் மூட்டு மென்மையாகி, குண்டு துளைக்க வழிவிடும். கடலூர் மாவட்டச் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையம் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் படைக்கல ஆராய்ச்சி வாரியம் நிதி தந்தது. ஹைதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் கைகோத்தது. மென்மையான அடுக்குகளுக்கு நடுவே கடின உலோக அடுக்கை வைத்து, சுட்டுச் சோதித்தார்கள். அந்த மூட்டு குண்டைத் தடுத்தது.

ராணுவ ஆய்வகமே இதைச் செய்யக்கூடாதா? செய்யலாம். ஆனால் ராடு, வெப்பம், அடுக்கு என ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் பார்க்க ஆண்டுகள் வேண்டும்; முனைவர் பட்ட மாணவருக்கு அதுவே வேலை. ரகசியம் கசியாதா என்பது அடுத்த ஐயம். வண்டியின் வடிவமைப்பு ரகசியமாக இருக்கலாம். உலோகம் ஏன் விரிசல் விடுகிறது என்பது பொது அறிவியல். அதனால்தான் இம்முடிவுகள் ஆய்விதழ்களில் வெளிப்படையாக அச்சாகியுள்ளன.

வலுவான ஆட்சேபம் வேறு: கட்டுரை டாங்கி ஆகாது. உண்மைதான். ஆய்வகத் துண்டில் வென்ற முறையைத் தொழிற்சாலைத் தளத்தில் தினமும் தவறாமல் செய்துகாட்டுவது தொழில்துறையின் பங்கு. 2018இல் தொடங்கிய பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டம் சிறு நிறுவனங்களைப் படைகளோடு இணைக்கிறது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கடலூர் மாவட்டம் இல்லை. ஆயினும் கேள்வி படையிடமும், விடை பல்கலைக்கழகத்திடமும், உற்பத்தி ஆலையிடமும் இருக்கும்வரை, மூன்றையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டுவதே சிக்கனமான வழி.