துர்நாற்றம் போகும் வழி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கழிப்பறையைப் பற்றி ஆண்டு மலரில் எழுதப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். நாள்தோறும் எல்லோரும் பயன்படுத்தும் ஒன்றைப் பற்றிப் பேச ஏன் கூச வேண்டும்? நான் பிறந்து வளர்ந்த பெரியபாளையத்தில், ஆடி, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பவானி அம்மனைத் தரிசிக்கப் பெருங்கூட்டம் கூடும். பலர் சனிக்கிழமையே குடும்பத்தோடு வந்து இரவு தங்கி, காலையில் பொங்கலிட்டு, வேப்பிலை உடுத்தி வேண்டுதலை நிறைவேற்றுவர். இத்தகைய கூட்டங்களுக்காகவே சக்கரங்களின் மேல் அமைந்த நடமாடும் கழிப்பறைகள் இருக்கின்றன. ஆனால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரை இருட்டே மேல் என்று திரும்பிவிடும் பெண்களை நான் கண்டிருக்கிறேன். கழிப்பறை இருந்தும் அது பயன்படாமல் போவதற்கு நாற்றம் ஒரு பெருங்காரணம். அதைப் போக்குவது ஊதுவத்தியும் அன்று, பினாயிலும் அன்று. காற்றுக்கு நாம் அமைத்துக் கொடுக்கும் வழியே என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாற்றம் என்பது என்ன?

கழிவில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உள்ளன. பிராணவாயு தாராளமாகக் கிடைத்தால் அவை கழிவைச் சிதைத்துப் பெரும்பாலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றும். இவ்விரண்டிற்கும் மணம் இல்லை. மூடிய தொட்டியில் பிராணவாயு தீர்ந்தவுடன் வேறு வகை நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவை மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களை வெளியிடுகின்றன. சிறுநீரிலுள்ள யூரியா சிதைவதால் அம்மோனியாவும் சேர்ந்துகொள்கிறது. ஆய்வகத்தில் கிப் கருவியின் பக்கம் போனவுடன் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அதே ஹைட்ரஜன் சல்பைடுதான் இது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே நம் மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும்.

நீர்ப்பூட்டு

இவ்வாயு அறைக்குள் வராமல் தடுக்கும் முதற் காவலன் நீர்தான். பீங்கான் கோப்பைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். 1775-ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளி இவ்வளைவுக் குழாய்க்கு உரிமம் பெற்றார். நம் கிராமங்களில் பயன்படும் சிக்கனக் கோப்பைகளில் நீர்ப்பூட்டின் ஆழம் 20 மில்லிமீட்டர் மட்டுமே. சிறிதளவு நீர் ஊற்றினாலே கழிவு இறங்கிவிட வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆனால் தொட்டிக்குள் பெருகும் வாயுவுக்கு வேறு வழி இல்லையெனில், அது அழுத்தம் கூடி, இந்த மெல்லிய நீர்ப்பூட்டைக் குமிழிகளாகத் துளைத்துக்கொண்டு அறைக்குள் வந்துவிடும். ஆகவே பூட்டு மட்டும் போதாது. வாயு வெளியேற வாசலும் வேண்டும். அந்த வாசலே காற்றுக் குழாய்.

குழாய் எவ்வாறு இழுக்கிறது?

விசிறியோ மின்சாரமோ இல்லாமல் ஒரு குழாய் காற்றை மேலே இழுக்குமா? எங்கள் பக்கத்துச் செங்கற் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஐயம் இராது. சூளையின் உயர்ந்த புகைபோக்கியில் சூடான வாயு இலேசாகி மேலே எழுகிறது. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுக் காற்று உள்ளே பாய்கிறது. என் தந்தையார் அச்சூளைகளில் வேலை செய்பவர். “புகைபோக்கி இழுத்தாத்தான் சூளை வேகும்” என்று அவர் சொல்வது இதைத்தான். வெயில் படும் கழிப்பறைக் குழாயிலும் சிறிய அளவில் இதே வேலை நடக்கிறது.

இதைவிட வலிமையானது காற்று வீச்சு. ஒரு தாளின் ஒரு முனையை உதட்டருகே பிடித்துக்கொண்டு அதன் மேற்புறமாக ஊதுங்கள். தொங்கும் தாள் மேலெழும். தாளின் மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அவ்வாறே குழாயின் வாயைக் காற்று கடந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைந்து, தொட்டியிலுள்ள வாயு மேலே உறிஞ்சப்படுகிறது. குழாய் கூரைக்கு மேல் திறந்த வெளியில் நிற்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. மரக்கிளைக்குள்ளோ சுவரின் மறைவிலோ நிற்கும் குழாய் இழுக்காது.

வண்டிக்குள் ஒரு கழிப்பறை

வண்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்து, வண்டியிலேயே தங்கிச் சமைத்து உண்டு திரும்பும் வழக்கம் நம்மவர்க்குப் பழையது. மேலைநாடுகளில் வண்டியையே வீடாக அமைத்து மாதக்கணக்கில் ஊர் சுற்றுகிறார்கள். படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனை நாம் அறிவோம். ஏறத்தாழ அதைப் போன்றதே. அவ்வண்டிகள் பலவற்றில் நீர்ப்பூட்டு கிடையாது. வண்டி குலுங்கினால் நீர் நிற்காதல்லவா? அதற்குப் பதிலாகக் கோப்பைக்கு அடியில் ரப்பர் விளிம்போடு கூடிய ஒரு நகரும் தகடு உண்டு. அதன் கீழே ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று. பெட்டி நிறைந்ததும் வண்டியின் வெளிப்புறச் சிறு கதவைத் திறந்து, அதை இழுத்தெடுத்து, உரிய இடத்தில் கொட்டிக் கழுவி மீண்டும் செருகிவிடுவர்.

தகட்டைத் திறக்கும் கணத்தில்தான் தொல்லை. பெட்டியில் அடைபட்டிருந்த வாயு நேரே மேலே வரும். இதற்குச் சில வண்டிகளில் அழகான ஓர் ஏற்பாடு இருக்கிறது. தகட்டைத் திறந்தவுடன் வண்டியின் 12 வோல்ட் மின்கலத்தால் ஒரு சிறு விசிறி சுழலத் தொடங்கும். அது பெட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும். பெட்டியில் அழுத்தம் குறைவதால் அறையின் காற்று கோப்பை வழியே கீழ்நோக்கி இறங்கும். காற்றே கீழே இறங்கும்போது நாற்றம் மேலே ஏறுவது எப்படி? சூளையில் வெப்பமும் கூரைக் குழாயில் காற்று வீச்சும் செய்யும் வேலையை இங்கே விசிறி செய்கிறது. கருவி வேறு, தத்துவம் ஒன்றே.

வெளியேறும் காற்று அடுத்த வண்டிக்காரரைத் தொல்லைப்படுத்தாதிருக்க, அதைக் கிளர்வுற்ற கரியின் வழியே செலுத்துகிறார்கள். இக்கரி நம் கொட்டாங்குச்சியிலிருந்தும் செய்யப்படுவது என்பதை அறிந்து மகிழ்ந்தேன். அதன் ஒரு கிராமில் உள்ள நுண்துளைகளின் பரப்பை விரித்தால் ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரும். அப்பரப்பில் நாற்ற மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்கின்றன.

பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டும்போதும் காற்று வழி தேவை. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் குபுக் குபுக் என்று சிதறும். எதிர் மூலையில் இன்னொரு துளையிட்டால் சீராக ஒழுகும். அத்துளைக்கு ஈடாக அப்பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் காற்று உள்ளே நுழையும். கழிவு நம்மேல் தெறிக்காது.

ஈயும் வலையும்

ஆப்பிரிக்காவில், இன்று ஜிம்பாப்வே எனப்படும் நாட்டில், பிளேர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த பீட்டர் மார்கன் 1970-களில் நீரே தேவைப்படாத ஒரு குழிக் கழிப்பறையை அமைத்தார். அறை அரையிருட்டாக இருக்கும். குழியிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேல் செல்லும். அதன் உச்சியில் கம்பிவலை. குழியில் பிறக்கும் ஈக்கள் வெளிச்சத்தை நாடிக் குழாயில் ஏறி, வலையில் தடைப்பட்டு மடியும். 78 நாள் சோதனையில் குழாயில்லாக் குழியிலிருந்து 13,953 ஈக்களும், குழாயும் வலையும் உள்ள குழியிலிருந்து 146 ஈக்களும் மட்டுமே பிடிபட்டன. ஒரு குழாயும் ஒரு கை அகல வலையும் செய்த வேலை இது!

நம் வீடுகளில்

மலத்தொட்டி பற்றிய இந்தியத் தர நிர்ணயம், காற்றுக் குழாய் குறைந்தது 50 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அருகில் கட்டடம் இருந்தால் குழாய் அதன் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும்; வாயில் கொசு புகாத வலை வேண்டும். 1970-இல் பீகாரில் பிந்தேசுவர் பாடக் தொடங்கிய சுலப் இயக்கம் பரப்பிய இரட்டைக் குழி முறைக்கு மட்டும் இது தேவையில்லை. அக்குழிச் சுவரின் இடைவெளிகள் வழியே மண்ணே வாயுவை ஏற்றுக்கொள்ளும்.

எங்கள் தெருவில் பெரியம்மா ஒருவர், தொட்டிக் குழாயின் வாயைக் கொட்டாங்குச்சி வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். கேட்டதற்கு, “அதிலேர்ந்துதானே நாத்தம் வருது, அதான் அடைச்சிட்டேன்” என்றார். அடைத்த பிறகு நாற்றம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். “அது நாத்தம் வர வழி இல்ல பெரியம்மா, போற வழி” என்று சொல்லி, அடைப்பை நீக்கி, ஒரு குழாய்த் துண்டை இணைத்துக் கூரைக்கு மேல் உயர்த்தி, கொசுவலை கட்டினோம். மறுநாளே வேறுபாடு தெரிந்தது.

உயிர் காக்கும் எச்சரிக்கை

இறுதியாக ஒன்று. காற்றுக் குழாய் இருப்பதால் தொட்டிக்குள் மனிதன் இறங்கலாம் என்று எவரும் எண்ணக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். கழிவைக் கிளறினால் குபீரென்று வெளிப்படும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவில் மூக்கு அதை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். “நாற்றம் இல்லை, இறங்கலாம்” என்று நினைப்பவரே மாள்கிறார். அவரைத் தூக்கப் போனவரும் மாள்கிறார். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. இவ்வாறு இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் தர 2014-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. எத்தனை லட்சம் கொடுத்தாலும் போன மூச்சு திரும்புவதில்லை. தொட்டி நிறைந்தால் உறிஞ்சும் லாரியை அழையுங்கள், ஆளை இறக்காதீர்கள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றோர் நம் கல்லூரியில் பலர் உண்டு. வகுப்பில் படித்த அழுத்தமும் அடர்த்தியும் தேர்வுத் தாளோடு நின்றுவிடலாமா? நம் தெருவில் யார் வீடு கட்டினாலும், கொத்தனார் தொட்டிக்கு அளவெடுக்கும்போது அருகில் நின்று, “காற்றுக் குழாய் எங்கே வருகிறது? கூரைக்கு மேல் எத்தனை அடி?” என்று கேட்போம். அக்கேள்விக்கு ஆகும் செலவு ஒரு குழாயும் ஒரு துண்டு வலையுமே.