பக்கத்துக் கிணறும் பாதாளத் தங்கமும்

நம் சங்கத்தில் புள்ளியியலைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். இடஞ்சார் புள்ளியியல் என்று பேச்செடுத்தால் மட்டும், "அது நிலவியல்காரர்கள் சமாசாரம்" என்று ஒதுக்கிவிடுகிறோம். அது சரியில்லை என்பது என் கட்சி.

எனக்குப் பூர்வீகம் சித்தூர்ப் பக்கம் பாலசமுத்திரம். அங்கே கிணறு வெட்ட நினைப்பவர் முதலில் விசாரிப்பது, அடுத்த நிலத்துக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் என்பதைத்தான். அருகருகே இருப்பவை ஒத்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். நாமோ, மாதிரிகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டே கணக்கைத் தொடங்குகிறோம். நெருக்கமாக எடுத்த 100 மாதிரிகளில் எந்த இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு வெறும் 0.1 என்று கொள்ளுங்கள். சராசரியைக் கணிக்க அவை ஏறக்குறைய 9 தனி மாதிரிகளுக்குத்தான் சமம்! (சந்தேகப்படுபவர்கள் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம்.)

இதன் விலை தங்கச் சுரங்கத்தில் தெரியும். சித்தூர், வடஆற்காடு ஜில்லாக்களிலிருந்து நம்மவர்கள் போய் உழைத்த கோலார் தங்கவயலில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த வெக்கையில் எந்தப் பாறையை உடைப்பது, எதை விடுவது? சிறுசிறு மாதிரிகளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். மாதிரியில் மிக வளமாகத் தெரியும் பாறை, வெட்டியெடுத்தால் சராசரியாக அதைவிடக் குறைவாகவே தரும் என்று தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிக் 1951-இல் எடுத்துக்காட்டினார். அக்கம்பக்கத்து மாதிரிகளையும் சேர்த்துக் கணித்தால் இந்தப் பிழை குறையும். பிரான்சின் ஜார்ஜ் மாத்தரோன் இதைக் கோட்பாடாக வளர்த்து, கிரிக் பெயராலேயே 'கிரிகிங்' என்றார்.

முறை கடினமல்ல. மாதிரிகளை இரண்டிரண்டாக எடுத்து, வித்தியாச வர்க்கத்தின் சராசரியில் பாதியை இடைத்தூரத்துக்கு எதிரே வரையுங்கள். அதுதான் வேரியோகிராம். கோடு தூரத்தோடு ஏறி ஓரிடத்தில் படுத்துவிடும்; அதற்கு அப்பால் இருப்பவர் அண்டைவீட்டார் அல்ல. தூரம் பூஜ்யத்தை நெருங்கியும் கோடு பூஜ்யத்துக்கு இறங்காவிட்டால், அந்த இடைவெளிக்கு 'நகெட்' என்று பெயர்; தங்கக் கட்டி என்றே பொருள். இங்கே ஒரு கட்டி சிக்கும், அரை அடி தள்ளி ஒன்றுமிராது!

திசையையும் மறக்கக் கூடாது. எங்கள் சீமைக் கடும்பாறையில் தண்ணீர் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. வெடிப்பின் நீளவாக்கில் வெகுதூரம் ஒத்திருப்பது, குறுக்கே சில அடிகளிலேயே மாறிவிடும். திசைக்கொரு வேரியோகிராம் வேண்டும்.

கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அங்கே குவிந்துள்ள கழிவு மண் மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்க 2024-இல் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. அந்த மேடுகளில் எவ்வளவு இடைவெளியில் துளையிடுவது என்பதற்கும் இதே கணக்குதான். நம் பிள்ளைகளில் யாருக்காவது ஆர்வமிருந்தால் அனுப்புங்கள், உட்கார்ந்து போட்டுக் காட்டுகிறேன்.