பட்டறைகளில் உருவான அப்போலோ கதவு

வீட்டுப் பட்டறையில் ஒரு விண்கலத்தை அசல் அளவிலேயே செய்துவிட முடியுமா? முழுக் கலத்தை அல்ல, அதன் கதவை மட்டும் அமெரிக்காவில் பலர் சேர்ந்து செய்து காட்டியிருக்கிறார்கள். நிலவுக்குச் சென்று திரும்பிய அப்போலோ 11 பயணத்தின் ‘கொலம்பியா’ கலத்துக் கதவு அது.

அந்தப் பயணத்தின் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2019இல் ‘மித்பஸ்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர் புகழ் ஆடம் சேவேஜும் ஸ்மித்சோனியன் தேசிய ஆகாய, விண்வெளி அருங்காட்சியகமும் ‘புராஜெக்ட் ஈகிரஸ்’ என்ற முயற்சியில் இறங்கினர். கதவின் பாகங்களைச் செய்யும் வேலை 40க்கும் மேற்பட்டோருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. மரமா, உலோகமா, முப்பரிமாண அச்சில் வந்த பிளாஸ்டிக்கா என்பது அவரவர் விருப்பம். அளவு மட்டும் மாறக்கூடாது. ஒருவர் செய்த தாழ்ப்பாள், முன்பின் தெரியாத இன்னொருவர் செய்த தண்டோடு பொருந்த வேண்டுமே! ஜூலை 18ஆம் தேதி வாஷிங்டனில் பார்வையாளர்கள் முன்னிலையில் பாகங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன.

விண்கலத்தில் எத்தனையோ பாகங்கள் இருக்க, கதவு ஏன்?

1967 ஜனவரி 27ஆம் தேதி, புளோரிடா ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது அப்போலோ 1 கலத்துக்குள் தீப்பிடித்தது. உள்ளே நிரம்பியிருந்தது தூய ஆக்சிஜன். கஸ் கிரிசம், எட் வைட், ரோஜர் சாஃபி ஆகிய மூவரும் உயிரிழந்தனர். அன்றைய உட்கதவு உள்நோக்கித் திறக்கும் வகை. இயற்பியல் படிப்பவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். கதவின் பரப்பளவு அரை சதுர மீட்டர் என வைத்துக்கொள்வோம். உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடினாலே கதவின்மீது ஏறத்தாழ 5,000 நியூட்டன் விசை அழுத்தும். அரை டன் எடையை உள்ளே இழுப்பதற்குச் சமம் அது. தீயில் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு ஏறியது. வெளியிலிருந்த பணியாளர்கள் கதவுகளைத் திறக்க ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆயிற்று.

இதே கிரிசம் 1961இல் சென்ற மெர்குரி கலம் கடலில் இறங்கியதும் அதன் கதவு முன்கூட்டியே வெடித்துத் திறந்துகொண்டது. கலம் மூழ்கியது; அவர் நீந்தித் தப்பினார்.

தீவிபத்துக்குப் பிறகு வடிவமைத்த கதவு வெளிநோக்கித் திறந்தது. அதைச் சுற்றி 15 தாழ்ப்பாள்கள். ஒரே கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் அத்தனையும் சேர்ந்து விலகும். சில விநாடிகளில் வெளியேறும் வழி கிடைக்கும். சேவேஜ் குழுவினர் செய்தது இந்தக் கதவைத்தான். பட்டறையில் ஒரே ஒரு தாழ்ப்பாளை அராவிக்கொண்டிருந்தவருக்கும், அது எதற்காக அப்படி இருக்கிறது என்பது பாடப்புத்தகத்தைவிட நன்றாகவே புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொலம்பியாவை முப்பரிமாண வருடல் செய்து, அந்தக் கோப்புகளை ஸ்மித்சோனியன் 2016இலேயே இலவசமாக வெளியிட்டுவிட்டது. பள்ளியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ அச்சு இயந்திரம் இருந்தால், நண்பர்களோடு ஏதாவதொரு சிறு பாகத்தைச் செய்து பார்க்கலாம். ஆனால் அசல் அளவிலேயே செய்யுங்கள். மேசைப் பொம்மையாகச் சுருக்கிவிட்டால், விண்வெளி உடையின் தடித்த கையுறையோடு அதைப் பிடிக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க வழியில்லை.